வாயில்லா ஜீவனின் வைத்தியர்

கண்டி மாநகரிலிருந்து மகியங்கனையை நோக்கிக் கிழக்கே செல்லும் நெடுஞ்சாலை, குண்டசாலையையும் பல்லேகலையையும் கடந்து திகன என்னும் சிறு நகரை அடையுமிடத்தில், ஒரு புறம் மகாவலி கங்கையை மறித்து நிற்கும் விக்டோரியா நீர்த்தேக்கமும், மறுபுறம் நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளும் கண்ணுக்குத் தோன்ற, அவற்றிடையே தும்பரப் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கின்றது. அங்கே தேயிலைத் தோட்டத்து லயங்களின் பின்புறத்திலும், நீர்த்தேக்கத்துக்காகத் தம் பழைய ஊர்களை விட்டு வந்து குடியேறிய மக்களின் வீட்டுக் கொல்லைகளிலும், ஒன்றிரண்டு பசுக்களைக் கட்டி வளர்த்து, சாலையோரத்துக் கினிப் புல்லை அறுத்துப் போட்டு, காலையில் கறந்த பாலைச் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றி, அந்த வருமானத்தைக்கொண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவையும் கடைக் கடனையும் சமாளிக்கும் குடும்பங்கள் பல உள்ளன. அத்தகைய குடும்பத்தில் பசு ஒன்று நோயுற்று விழுமாயின் வீட்டின் ஆதாரமே விழுந்ததாகும். அந்த வேளையில் அழைக்கப்படுகிறவர் மிருக வைத்தியர்.

கால்நடைகளைப் பற்றிய சாஸ்திர ஞானம் இலங்கையில் மிகுதியாகத் திரண்டிருக்கும் பிரதேசமும் இதுவேயாகும். மிருக வைத்தியத்தில் பட்டம் அளிக்கும் நாட்டின் ஒரே பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றது. கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும், கெட்டம்பேயில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும், பொல்கொல்லையில் விலங்கு வைரசு ஆய்வுகூடமும், குண்டசாலையில் செயற்கை முறைச் சினைப்படுத்தல் மத்திய நிலையமும் அமைந்துள்ளன. திகனவிலேயே மில்கோ நிறுவனத்தின் பால் தொழிற்சாலை இயங்குகின்றது. எனினும், இத்தனை நிலையங்களிலும் சேர்ந்த அறிவு முழுவதும், மழை பெய்யும் ஓர் இரவில், மலைச்சரிவில் உள்ள ஒரு கொட்டிலில், கைவிளக்கின் வெளிச்சத்தில் மண்டியிட்டிருக்கும் ஒரே மனிதரின் செவியின் வழியாகவும் விரல்களின் வழியாகவுமே அந்தப் பசுவைச் சென்றடைய வேண்டியிருக்கிறது. அவர் பேசாத நோயாளியிடம் கேட்டு, சொல்லாத வியாதியை அறிந்து, தமக்கும் பிறருக்கும் ஆபத்து நேராதவாறு காத்து, உடையவனுடைய சக்திக்குள் அடங்கும் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த உத்தியோகத்தின் சிரமங்களை நாம் அறிந்துகொள்வது அவர்மேல் இரக்கம் கொள்வதற்காக மாத்திரமன்று; அச்சிரமங்களில் பாதியைக் குறைக்கும் வல்லமை மாடு வளர்ப்போர் கையிலும் பொதுமக்கள் கையிலும் இருக்கின்றது என்பதற்காகவுமாகும்.

முதற் சிரமம், நோயாளி தன் நோயைச் சொல்லாமை. அது சொல்லாமலிருப்பதோடு நில்லாமல், சொல்லிவிடாதபடி மறைக்கவும் செய்கின்றது. கூட்டமாக மேய்ந்து வாழும் பிராணிகளில், நொண்டுவதும் முனகுவதும் பின்தங்குவதும் புலிக்கும் ஓநாய்க்கும் அழைப்பு விடுத்ததற்குச் சமானமாதலால், வேதனையை வெளிக்காட்டாத பிராணிகளே பெரும்பாலும் உயிர் தப்பிச் சந்ததியை விட்டுச் சென்றன. அந்த இயற்கைச் சுபாவம், புலி அறியாத கொட்டிலில் பிறந்து வளர்ந்த பசுவிடத்தும் மாறாமல் நிற்கின்றது. ஆகையால், அதன் முகத்தைக் காட்டிலும் அதன் சரீரத்தையே வைத்தியர் படிக்க வேண்டும். வாலின் அடியிலுள்ள நாடியைத் தொட்டு இருதயத் துடிப்பை எண்ணுவார். இடப்பக்க விலாவின் பின்குழியில் முஷ்டியை அழுத்திவைத்து, இரைப்பையின் பெரும் அறை நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு முறை புரண்டெழுகின்றதா என்று பார்ப்பார். காது குளிர்ந்திருக்கிறதா, மூக்கு நுனி காய்ந்திருக்கிறதா, சாணம் இறுகியிருக்கிறதா, மூச்சில் இனிப்பு நெடி வீசுகிறதா என்று ஒவ்வொன்றாக ஆராய்வார். புகையைக் கண்டு நெருப்பை அறிவதைத் தர்க்க சாஸ்திரத்தார் அனுமானம் என்றனர். மிருக வைத்தியரின் நோயறிதல் முழுவதும் அத்தகைய அனுமானமே எனலாம். ‘டொக்டர் ஐயா, நேத்து அந்திக்குக்கூட நல்லாத்தான் புல்லுத் தின்னுச்சுங்க’ என்று மாட்டுக்காரர் சொல்லும் ஒரு வாக்கியம் சாதாரணமாகத் தோன்றினும், வியாதி திடீரென்று வந்ததா, மெல்ல வளர்ந்ததா என்ற பெரும் பிரிவை அந்த வாக்கியமே தீர்த்துவைக்கின்றது. விலங்குகளின் வேதனையை முகக்குறிகளைக்கொண்டு அளக்கும் முறையொன்றைக் கனடாவிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தார் 2010ஆம் ஆண்டில் முதன்முதலாகச் சுண்டெலிகளிடத்தில் வகுத்தனர். கண் இடுங்குதலும் காது பின்னோக்கிச் சாய்தலும் கன்னத்தின் மாற்றமும் ஆகிய அந்த நுண்ணிய குறிகள் பின்னர் குதிரை, ஆடு முதலியவற்றிலும் ஆராயப்பட்டன. அனுபவம் மிகுந்த வைத்தியர்கள் கண்ணளவில் அறிந்திருந்ததற்கு அளவுகோல் கிடைத்தது சமீப காலத்திலேயாம்.

இந்த அனுமானம் எத்துணை நுட்பமானது, எத்துணை விரைந்து நிகழவேண்டியது என்பதற்குப் பால் காய்ச்சல் என்னும் ஒரு வியாதியை எடுத்து விரிவாகப் பார்ப்பது பொருந்தும். மூன்றாவது ஈற்றையோ நான்காவது ஈற்றையோ சுகமாக ஈன்று முடித்த, நிறைந்த மடியுடைய நல்ல பசு, மறுநாளே கால் தள்ளாடி, பின்பு படுத்து, கழுத்தை வளைத்துத் தலையை விலாவின்மீது சாய்த்து, அறிவு மயங்கிக் கிடக்கும். உடற்சூடு தணிந்து காதுகள் சில்லிட்டிருக்கும். கவனியாது விட்டால் அன்றே மாண்டுபோம். ஜேர்சி இனப் பசுக்களிடத்தும், வயது முதிர்ந்து பால் மிகுந்த பசுக்களிடத்தும் இது அதிகமாகக் காணப்படும்.

இதன் காரணம் கல்சியத்தின் கணக்கில் இருக்கின்றது. பசுவின் எலும்புகளில் ஏழெட்டுக் கிலோகிராம் கல்சியம் சேமிப்பில் உள்ளதாயினும், அதன் இரத்தத்தில் எந்நேரமும் கரைந்து நிற்பது ஏறத்தாழ 3 கிராம் மாத்திரமே. கன்று ஈன்ற அன்று சுரக்கும் சீம்பால் 10 லீற்றரானால், அதனோடு 20 கிராமுக்கு மேற்பட்ட கல்சியம் வெளியேறிவிடும். அதாவது, இரத்தத்திலுள்ள மொத்தத்தைப்போல் ஏழு மடங்கு ஒரே நாளில் மடியின் வழியாகப் போய்விடுகின்றது. கழுத்திலுள்ள மிகச் சிறிய கேடயப் பக்கச் சுரப்பிகள் ஓமோனைச் சுரந்து, எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் புதிய கல்சியத்தை வரவழைக்க வேண்டும். இளம் பசுவின் எலும்பு இக்கட்டளைக்கு உடனே இணங்க, முதிர்ந்த பசுவின் எலும்பு தாமதிக்கின்றது. அந்தத் தாமதத்துக்குள், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 9 மில்லிகிராமாக இருக்க வேண்டிய கல்சியம் 5க்கும் கீழே இறங்க, தசைகள் சுருங்கும் ஆற்றலை இழக்கின்றன. கால்கள் தளர, குடல் அசைவற்றுப்போக, இருதயமும் சோர்கின்றது. திகன பிரதேசத்தின் நிலத்தடியில் டொலமைற்றுப் பாறை வெட்டியெடுக்கப்படுவதை நாம் அறிவோம். கல்சியமும் மகனீசியமும் செறிந்த அப்பாறையின் மேலேயே கல்சியம் குறைந்து பசு விழுகின்றது என்றால், குறைபாடு தீனியிலன்று, சேமிப்பை இரத்தத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டிலே என்பது விளங்கும். இன்னும் சொல்லப்போனால், ஈனுவதற்கு முந்திய வாரங்களில் கல்சியத்தை அளவுக்கு மேல் ஊட்டினால், தேவை இல்லாமையால் அச்சுரப்பிகள் சோம்பியிருந்து, வேண்டிய வேளையில் விழித்தெழாமற் போகின்றன. மாட்டுக்கு நன்மை செய்வதாக எண்ணிச் சுண்ணச்சத்தை முன்கூட்டி அள்ளிக் கொடுப்பவரே அதன் வியாதிக்கு வழி செய்கின்றனர்.

இவ்வியாதிக்குச் சிகிச்சை கண்ட வரலாறும் மிருக வைத்திய விஞ்ஞானத்தின் தன்மையை நன்கு காட்டுவதாகும். டென்மார்க்கின் கோல்டிங் நகரத்து மிருக வைத்தியர் ஷ்மிட் என்பவர், மடியில் ஒரு விஷம் உண்டாகி உடலெங்கும் பரவுவதே இவ்வியாதி என்று கருதி, 1897ஆம் ஆண்டில் பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலை மடிக்குள் செலுத்தினார். மரித்துக்கொண்டிருந்த பசுக்களில் பெரும்பாலானவை எழுந்து நின்றன. சில ஆண்டுகளுக்குள், மருந்தே வேண்டாம், தூய காற்றை மடிக்குள் நிரப்பினாலே போதும் என்று கண்டனர். விஷம் என்பது பிழை. மடி விம்மியதும் பால் சுரப்பது நின்று, கல்சியம் வெளியேறுவதும் நின்றதனாலேயே பசு பிழைத்தது. 1925ஆம் ஆண்டில் எடின்பரோவில் டிரையர், கிரெய்க் என்னும் இருவர் இவ்வியாதியைக் கல்சியக் குறைவோடு இணைத்து விளக்கிய பின்னரே உண்மையான காரணம் தெளிவாயிற்று. இன்று கல்சியம் போரோகுளுக்கோனேற்றுக் கரைசலைக் கழுத்து நாளத்தில் ஏற்றுகின்றனர். ஆனால், அதுவும் கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய காரியமாம். மெதுவாகச் செலுத்தினால் உயிர் கொடுக்கும் அதே கல்சியம், விரைந்து செலுத்தினால் இருதயத்தை நிறுத்திவிடும். ஆகையால் வைத்தியர் ஒரு கையில் போத்தலை உயர்த்திப் பிடித்து, செவியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, இருதயம் தாளம் தப்புகிறதா என்று கேட்டுக்கொண்டே சொட்டுச் சொட்டாக ஏற்றுவார். சற்று நேரத்தில் தசைகள் நடுங்க, பசு ஏப்பம் விட்டு, சாணமிட்டு, முன்னங்காலை ஊன்றி எழும். இதற்குக் காலமும் குறுகியது. நானூறு கிலோகிராம் எடை ஒரே பக்கமாய் ஆறு மணி நேரத்துக்கு மேல் அழுத்திக் கிடந்தால், அடியிலுள்ள தசையும் நரம்பும் நசுங்கி, கல்சியம் முழுவதும் திரும்பிய பின்னும் பசு எழ இயலாததாகிவிடும். வைத்தியரை அழைக்க விடியட்டும் என்று காத்திருந்த அந்த இரவே, பல சமயங்களில் சிகிச்சை தோற்றதற்குக் காரணமாகின்றது.

காலத்தோடு போராடும் இன்னொரு கடமை சினைப்படுத்தலாகும். குண்டசாலையிலிருந்து வரும் உயர்ந்த இனக் காளைகளின் விந்து, திரவ நைதரசனில் பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகையில் உறைந்து, ஆண்டுக்கணக்கில் கெடாதிருக்கும். கிளிசரீன் கலந்தால் உறைந்த விந்து உயிரோடு மீளும் என்று இங்கிலாந்தின் போல்ஜ் என்பவரும் அவர் துணைவரும் 1949ஆம் ஆண்டில் கண்டதிலிருந்து இது சாத்தியமாயிற்று. உறைந்த விந்து காத்திருக்கும், பசுவோ காத்திராது. ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை வரும் சினைப்பருவம் பல பசுக்களில் ஒரு பகற்பொழுதுக்கு மேல் நில்லாது. அதுவும் வெப்ப நாடுகளில் பெரும்பாலும் இரவிலேயே தோன்றி மறையும். மந்தையில் திரியும் பசு மற்றொன்றின்மேல் ஏறியும், ஏற இடங்கொடுத்தும் தன் நிலையை வெளிப்படுத்தும்; ஆனால் லயத்தின் பின்னால் தனியே கட்டப்பட்ட ஒற்றைப் பசுவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அது வழக்கத்துக்கு மாறாகக் கத்துவதையும், பால் சிறிது குறைவதையும், பின்புறம் கண்ணாடி போன்ற கசிவு தொங்குவதையும் வீட்டார் கவனித்துச் சொன்னாலன்றி வேறு வழியில்லை. காலையில் பருவம் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினைப்படுத்துக என்பது உலகெங்கும் வழங்கும் விதி. பருவம் முடிந்த சில மணி நேரத்தின் பின்னரே முட்டை வெளிப்படுவதால் அவ்விதி உண்டாயிற்று. ஒரு பருவம் தவறினால் மூன்று வாரத் தீனிச் செலவு வீணாகிறது. பல பருவங்கள் தவறினால் அந்த ஆண்டின் கன்றும் பாலும் போயின. வளைந்து வளைந்து ஏறும் தோட்டப் பாதையில், ஒரே நாளில் எதிரெதிர்த் திசைகளிலிருந்து நாலைந்து அழைப்புகள் வரும்போது, யாருடைய பசுவை முதலிற் பார்ப்பது என்ற தீர்மானமே அவருக்கு ஒரு சோதனையாகும்.

மனித வைத்தியர் ஒரே இனத்தின் உடலைக் கற்றால் போதும். மிருக வைத்தியரோ பகலில் பசுவையும், வழியில் ஆட்டையும், மாலையில் பூனையையும், எசல பெரஹரா ஊர்வலக் காலத்தில் யானையையும் பார்க்க வேண்டியவர். ஒன்றுக்கு அமிர்தமானது மற்றொன்றுக்கு விஷமாகும். தலைவலிக்கு நாம் விழுங்கும் பரசிற்றமோல் வில்லையைப் பூனைக்குக் கொடுத்தால், அதை முறித்து வெளியேற்றும் நொதியம் பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லாமையால், அதன் இரத்தம் பிராணவாயுவைத் தாங்கும் சக்தியை இழந்து அது இறந்துபோகலாம். எடைக்குத் தக்கவாறு மருந்தின் அளவைப் பெருக்கினால் என்ன என்று கேட்பாருக்கு விடை 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒக்லகோமாவில் துயரத்தோடு கிடைத்தது: பூனைக்குத் தாங்கும் எல்.எஸ்.டி. என்னும் மருந்தின் அளவை எடை விகிதத்தால் பெருக்கி, 297 மில்லிகிராமைச் செலுத்த, டஸ்கோ என்ற ஆண் யானை வீழ்ந்து, இரண்டு மணி நேரத்துக்குள் மாண்டது. அதன் பின் செலுத்திய மருந்துகளுக்கும் அச்சாவில் பங்குண்டு என்பாரும் உளர். உடல் பெருகப் பெருக, ஒவ்வொரு கிலோகிராம் எடையும் செலவிடும் சக்தி குறைந்துகொண்டே போகும் என்று கிளைபர் என்னும் அறிஞர் 1932ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். யானையின் ஒரு கிலோகிராம் பூனையின் ஒரு கிலோகிராமுக்குச் சமமன்று. மருந்தின் விளைவு நோயாளியோடு முடிந்துவிடுவதுமில்லை. இந்தியாவில் மாடுகளின் வலிக்காகக் கொடுக்கப்பட்ட டைக்குளோபினாக் என்னும் மருந்து, அம்மாடுகள் இறந்தபின் அவற்றின் பிணத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகங்களை அழித்து, கோடிக்கணக்கில் இருந்த அந்தப் பறவைகளை மறையும் நிலைக்குக் கொண்டுவந்தது; காரணம் 2004ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட, 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைக் கொடுப்பது அங்கே தடைசெய்யப்பட்டது. கொட்டிலில் போடும் ஓர் ஊசிக்கு வானத்தில் பறக்கும் பறவையிடமும் பொறுப்புச் சொல்ல வேண்டியவராக மிருக வைத்தியர் இருக்கின்றார்.

அவருடைய சொந்த உயிருக்கும் அபாயம் அருகிலேயே உண்டு. கன்று குறுக்கே திரும்பித் தடைப்பட்ட பிரசவத்தில், தோள் மட்டும் கையை உள்ளே செலுத்திக் கன்றின் காலைத் தேடும்போது, கருப்பை சுருங்கும் ஒவ்வொரு தடவையும் கை நசுங்கி உணர்விழக்கும். பயந்த மாட்டின் உதை எலும்பை முறிக்கும். இவை கண்ணுக்குத் தெரியும் அபாயங்கள். தெரியாதவை இவற்றினும் கொடியவை. மனிதரைத் தாக்கும் தொற்று நோய்களில் ஏறத்தாழ அறுபது வீதமானவை விலங்குகளோடு தொடர்புடையன. தங்கிய நஞ்சுக்கொடியைக் கையால் அகற்றுபவருக்கு, கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா என்னும் நுண்ணுயிர் பற்றி, மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலைத் தரும். இவையெல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது விசர் நோயாகும். தெருநாய் கடித்ததை எவரும் காணாத பசு ஒன்று, சில வாரங்களோ மாதங்களோ கழிந்தபின், தீனியை விட்டு, குரல் கம்மி, வாயில் உமிழ்நீர் ஒழுக நிற்கும். தொண்டையில் மாங்கொட்டையோ கிழங்கோ சிக்கியிருக்கிறது என்று எண்ணி வீட்டுக்காரர் வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பார். உண்மையில் அடைப்பு ஒன்றும் இராது. கடித்த இடத்திலிருந்து நரம்பின் வழியே ஊர்ந்து மூளையை அடைந்த வைரசு, விழுங்கும் தசைகளைச் செயலிழக்கச் செய்து, உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் நிறைந்திருக்கும். அந்த உமிழ்நீர், கையிலுள்ள ஒரு சிறு கீறலைத் தொட்டால் போதும். அறிகுறி தோன்றிய பின் இதற்குச் சிகிச்சை இல்லை. முன்னரே தடுப்பூசி பெற்றவராயினும் பெறாதவராயினும், பட்டவுடன் கழுவி உரிய ஊசிகளைப் போட்டுக்கொண்டவருக்குப் பெரும்பாலும் அச்சம் இல்லை. 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் தொடங்கிவைத்த அந்தத் தடுப்பு முறை இன்று எவ்வளவோ செப்பம் அடைந்திருக்க, அதைப் பயன்படுத்தாமல் ஓர் உயிரையேனும் இழப்பது மன்னிக்கத்தக்கதன்று. ஆகையால் உமிழ்நீர் ஒழுகும் எந்த மாட்டின் வாயிலும், வைத்தியர் வருமுன் ஒருவரும் கை வைக்கலாகாது.

தனி மாட்டைக் காப்பதோடு மந்தை முழுவதையும் காப்பதும் அவர் கடமை. மழைக்காலத் தொடக்கத்தில் எருமைகளையும் மாடுகளையும் தாக்கும் தொண்டை அடைப்பான் நோய், தொண்டை வீங்கி மூச்சு முட்டி, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் உயிரைக் கவர்ந்துவிடும். மருந்து எடுத்துவரும் நேரத்துக்குள் மந்தை சாய்ந்துகிடக்கும். கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்தின் பணிப்பாளராயிருந்த டி அல்விஸ் இந்நோயை நெடுங்காலம் ஆராய்ந்து, அதுபற்றி 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் உலகெங்கும் ஆதாரமாகக் கொள்ளப்படுகின்றது. நோயிலிருந்து தப்பிய பிராணிகளின் தொண்டைச் சுரப்பிகளில் அந்தப் பற்றீரியா வெளிக்குத் தெரியாமல் மறைந்து வாழ்ந்து, உழைப்பாலோ பட்டினியாலோ மழையாலோ உடல் நலியும் காலத்தில் மீண்டும் வெளிப்பட்டுப் பரவும் என்பது இத்தகைய ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. நலமாய் நிற்கும் மாட்டுக்கு மழைக்கு முன்பே ஊசி போட வேண்டும் என்று வைத்தியர் வற்புறுத்துவதன் நியாயம் இதுவே. ஆனால், நலமாய் நிற்கும் மாட்டுக்கு ஊசி எதற்கு, பால் குறைந்துவிடுமே என்று மறுக்கும் குரலும் எங்கும் எழுகின்றது.

தடுப்பு மருத்துவத்தின் வெற்றி கண்ணுக்குத் தெரிவதில்லை. வராத நோயை யார் காண முடியும்? மாட்டு வெக்கை என்னும் கொள்ளைநோய் நூற்றாண்டுகளாக ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் ஆபிரிக்காவிலும் உழவர்களைப் பஞ்சத்துக்கு இரையாக்கியது. அதன் கொடுமையே பிரான்சு தேசத்து லியோன் நகரில் 1761ஆம் ஆண்டு பூர்ஜலா என்பவர் முதலாவது மிருக வைத்தியக் கல்லூரியை நிறுவக் காரணமாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நோயின்றி இருந்த இலங்கையில், 1987ஆம் ஆண்டு யுத்த காலத்தில் கிழக்கு மாகாணத்தில் அது மறுபடியும் தலைகாட்ட, துப்பாக்கிச் சத்தங்களுக்கிடையே மந்தை மந்தையாகத் தேடிச் சென்று ஊசி போட வேண்டியதாயிற்று. 1994க்குப் பின் அது இங்கே தோன்றவில்லை. இந்தியாவில் அதன் இறுதித் தோற்றம் 1995ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலே பதிவாயிற்று. பிளௌரைட் என்னும் மிருக வைத்தியர் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆக்கிய தடுப்பூசியும், அதை ஏந்தி நடந்த எண்ணற்ற ஊழியர்களின் கால்களும் சேர்ந்து, 2011ஆம் ஆண்டில் அந்நோய் பூமியிலிருந்து ஒழிந்ததென்று பிரகடனம் செய்யும் நிலையை உண்டாக்கின. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் அடியோடு ஒழித்த நோய் அதுவேயாம். ஆயினும், 2020ஆம் ஆண்டில் வட மாகாணத்தில் தோன்றிய தோல் கழலை நோய் பின்னர் மற்றைய மாகாணங்களுக்கும் பரவியதைப் பார்க்கும்போது, ஒரு நோய் போக மற்றொரு நோய் வாசலில் வந்து நிற்கும் என்பதையும், காவல் ஒருநாளும் தளரலாகாது என்பதையும் உணர்கின்றோம்.

இனி, எல்லாச் சிரமங்களுக்கும் அடியில் கிடக்கும் சிரமம் ஒன்றுண்டு, அது பணம். மடிவீக்கம் கண்ட பசுவுக்குப் பெனிசிலின் முதலிய மருந்தை மடிக்குள் செலுத்தினால், அம்மருந்து முற்றும் நீங்கும்வரை சில நாட்களுக்குப் பாலை விற்கலாகாது, கொட்டிவிட வேண்டும். அந்தப் பாலைப் பருகினால் ஒவ்வாமை உள்ளவர்க்குத் தீங்கு நேரும். அதில் உறை ஊற்றினால், தயிராக்கும் பற்றீரியாக்களும் மருந்தினால் மடிந்து, தயிர் உறையாது போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறிது சிறிதாக மருந்தைச் சுவைத்த நுண்ணுயிர்கள் அதற்கு அஞ்சாதனவாய்ப் பழகி, நாளைக்கு நம் குழந்தையின் காய்ச்சலுக்கு அதே மருந்தைப் பயனற்றதாக்கிவிடும். இவை அனைத்தும் மெய். ஆனால் ஒரு பசுவை மட்டும் நம்பி வாழும் தாயிடம், இந்த வாரப் பாலை மண்ணில் ஊற்றிவிடு என்று சொல்பவர் அந்தச் சொல்லின் கனத்தையும் தாங்க வேண்டும். எலும்பு முறிந்த பசுவைக் காப்பாற்ற ஆகும் செலவு பசுவின் விலையை மிஞ்சும்போது, எது சாஸ்திரத்துக்கு உகந்த சிகிச்சை என்ற வினாவை விட்டு, எது இந்த வீட்டுக்கு இயலும் சிகிச்சை என்ற வினாவுக்கு அவர் இறங்கிவர நேர்கின்றது. கற்ற கல்வி ஒன்று சொல்ல, கையிலுள்ள மருந்துப்பெட்டியும் வீட்டாரின் பணப்பையும் வேறொன்று சொல்ல, இரண்டுக்கும் நடுவில் நின்று அவர் அறநெறி தவறாமல் தீர்ப்புக் கூற வேண்டும்.

மீளாத வேதனையிலிருக்கும் பிராணிக்கு அமைதியான முடிவைத் தம் கையாலேயே அளிக்கும் கடமையும் அவருக்கு உண்டு. உயிரைக் காக்கவென்று கல்வி பெற்றவர், அதே கையால் உயிரை நீக்கும் மருந்தைச் செலுத்திவிட்டு, அழுகின்ற வீட்டாரைத் தேற்றி, அடுத்த கொட்டிலுக்குச் சென்று புன்முறுவலோடு பணியைத் தொடங்க வேண்டியிருக்கிறது. இத்தகைய சுமையும், ஓய்வற்ற அழைப்புகளும், தனிமையும் சேர்ந்து அழுத்தும் இத்தொழிலினரிடையே, பிரித்தானியாவில் தற்கொலை விகிதம் பொதுமக்களின் விகிதத்தைப்போல் மூன்று முதல் நான்கு மடங்காகக் காணப்பட்டது என்பதை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆகையால் மிருக வைத்தியரின் மனநலத்தைக் காப்பதும் கால்நடைச் சுகாதாரத்தின் ஓர் அங்கமென்றே கருதப்பட வேண்டும். அவருக்குத் துணையான உதவியாளரும், முறைவைத்து ஓய்வும், தம் தோல்விகளைச் சகாக்களோடு மனம்விட்டுப் பேசும் வாய்ப்பும் மருந்துகளைப் போலவே அவசியமானவையாம்.

இவ்வளவும் கூறியதன் பின், நம்மால் ஆகக்கூடியது யாது என்ற வினா எஞ்சுகின்றது. பேசாத பிராணிக்கு நாவாக இருக்கக்கூடியவர் அதை நாள்தோறும் பார்க்கின்றவரே. ஆகையால் கன்று ஈன்ற நாள், சினைப்படுத்திய நாள், தீனி குறைந்த வேளை, கொடுத்த மருந்தின் பெயர் ஆகியவற்றை ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் குறித்துவைக்கும் குடும்பம், வைத்தியரின் அனுமானத்தில் பாதியைத் தானே செய்து முடித்துவிடுகின்றது. ஈன்ற பசு தள்ளாடுவதைக் கண்டவுடன் விடியலை எதிர்பாராமல் தகவல் அனுப்புதல், கடையில் யாரோ சொன்ன ஊசியைத் தாமே போடாமை, தடுப்பூசிக்கு மாட்டையும் வீட்டு நாயையும் தவறாது கொண்டுவருதல், பால் விற்கலாகாது என்ற நாட்களில் விற்காமை ஆகிய இவற்றுக்கு அதிகப் பொருட்செலவு இல்லை. விற்காத பாலுக்கு ஈடாக ஒரு சிறு காப்புறுதியை அரசும் பால் நிறுவனங்களும் ஏற்படுத்துமாயின், எளியவர்க்கும் அந்த ஒழுக்கம் இயலும். மனித வைத்தியத்தையும் மிருக வைத்தியத்தையும் சுற்றுச்சூழலையும் ஒரே ஆரோக்கியமாகக் கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் முதலியவை இன்று வற்புறுத்துகின்றன. தும்பரப் பள்ளத்தாக்கின் ஒரு கொட்டிலில் விசர் நோயைச் சரியாக இனங்கண்டவர் ஒரு குடும்பத்தின் உயிரைக் காத்தார். ஒரு மந்தைக்கு மழைக்கு முன் ஊசி போட்டவர் ஒரு கிராமத்தின் வருமானத்தைக் காத்தார். ஒரு போத்தல் பாலைக் கொட்டச் சொன்னவர் நம் மருந்துகளின் வலிமையைக் காத்தார். இவ்வாறு நமக்காக உழைப்பவருக்குச் சம்பளத்தையும் வாகனத்தையும் மருந்தையும் குறைவின்றி அளிப்பது அரசின் கடமையாக, நம்பிக்கையையும் சரியான தகவலையும் குறித்த காலத்தில் அளிப்பது நம் ஒவ்வொருவருடைய கடமையுமாகும்.